உரம் பதுக்கல்: சட்டமும் மார்க்கமும்

மேலூர் பக்கம் நெல் நடவுக்கு டிஏபி, மேலுரத்துக்கு யூரியா. இதில் டிஏபியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய நிலையில், ஆண்டுக்கு 31 லட்சம் டன் டிஏபி வாங்க 2025 ஜூலையில் சவூதி நிறுவனமான மஆதினுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

45 கிலோ யூரியா மூட்டை விலை 266.50 ரூபாய், மீதிச் செலவு அரசு மானியம். இந்த மலிவு யூரியா பிளைவுட் பசை போன்ற தொழில்களுக்குத் திருப்பப்படுவதைத் தடுக்கவே 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது.

கப்பலில் வந்தும் கடையில் பதுங்கினால் பயிருக்கு என்ன பயன்? பதுக்கல் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி குற்றம். பாவம் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உரக்கடை நடத்தும் சகோதரர்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

விவசாயிகளே, ஆதார் பதிந்து ரசீது வாங்குங்கள். மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ, வேறு பொருளைச் சேர்த்து வாங்கச் சொன்னாலோ வேளாண்மை அலுவலரிடம் புகார் கொடுங்கள்.