மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்

பத்திரம் பதிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில். கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) கேட்டால் சர்வேயர் வரவில்லை என்கிறார். தாலுகா அலுவலகத்தில் "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். கடைசியில் இடத்தை வாங்கியவர்கள் குடும்பத்தோடு கிளம்பி சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் பார்க்கக்கூடியது இது. நியாயம் முழுக்க அவர்கள் பக்கம்தான். ஆனால், பட்டாவில் கையெழுத்திடும் அதிகாரம் சட்டமன்ற உறுப்பினருக்கு இல்லை. அவர் தாசில்தாரிடம் போனில் பேசலாம். பேசியதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

மாநில அரசில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பது தெரியாததால் நம் மக்கள் இழக்கும் காலமும் பணமும் கொஞ்சமல்ல. சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்கள் சட்டம் இயற்றுகிறார்கள், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறார்கள், அமைச்சர்களைக் கேள்வி கேட்கிறார்கள். 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதிலிருந்து நமக்கு ஒரே அவைதான். 2003-ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தப்படி, முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்கள் 35 பேரைத் தாண்ட முடியாது. அமைச்சரவை எடுக்கும் கொள்கை முடிவு, துறைச் செயலாளரின் கையெழுத்தோடு, 'ஆளுநரின் ஆணைப்படி' என்ற குறிப்புடன் அரசாணையாக வெளிவருகிறது. அமைச்சரின் வேலை பெரும்பாலும் அதோடு முடிகிறது. உங்கள் சர்வே எண்ணுக்கு உத்தரவு போடுவது அவரல்ல. அந்தந்தச் சட்டம் பதவியைக் குறிப்பிட்டு அதிகாரம் கொடுத்த அலுவலர்.

வருவாய்த் துறையையே எடுத்துக்கொள்வோம். மாவட்ட ஆட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் (தாசில்தார்), வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று மேலிருந்து கீழே வரும். இதில் வி.ஏ.ஓ. விசாரித்து அறிக்கை தருபவர் மட்டுமே. அவர் "முடியாது" என்றால் அது அரசின் முடிவு ஆகாது. இடத்தைப் பிரித்துத் தனிப்பட்டா கேட்டால், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும், வட்டாட்சியர் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவு தவறு என்று கருதினால், 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. சொத்து யாருடையது என்பதிலேயே தகராறு இருந்தால், அதைத் தீர்க்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம். எத்தனை மனு கொடுத்தாலும் ஆட்சியர் அலுவலகம் அதைத் தீர்க்காது.

மனு வேறு, மேல்முறையீடு வேறு. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதும், முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு அனுப்புவதும், 1100-க்கு அழைப்பதும் மனு. பெரும்பாலும் அவை உரிய நடவடிக்கைக்காக அதே தாலுகா அலுவலகத்துக்கே திரும்பி வரும். தூங்கும் கோப்பை எழுப்ப அவை உதவும். போட்ட உத்தரவை மாற்ற உதவாது. அதற்கு மேல்முறையீடுதான் வழி, மேல்முறையீட்டுக்கோ எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன "முடியாது"-வை எதிர்த்து எங்கும் போக முடியாது. காரணம் சொல்லி, தேதியிட்டு, கையெழுத்திட்ட மறுப்பு கையில் இருந்தால் அடுத்த கதவு திறக்கிறது. ஆனால் மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. மனுமேல் மனு போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கெடு கழிந்துவிடும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆகவே எந்த அலுவலகத்திலும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்று நாளில் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும், முடியாவிட்டால் அதைத் தெரிவித்துப் பதில் எழுதவேண்டும் என்று தமிழ்நாடு அரசே 2015-இல் ஆணை பிறப்பித்திருக்கிறது.

அதற்கும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இந்தத் தேதியிட்ட என் மனு இப்போது எந்த அலுவலரிடம், எந்த நாளிலிருந்து உள்ளது? கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

இடையில் ஒருவர் வந்து, "நான் முடித்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்பார். அந்தப் பணம் லஞ்சமானால் கொடுத்தவரும் குற்றவாளி; 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் சட்டம் அவரைக் காக்கும். கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குச் சொல்லிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

வருவாய்த் துறைக்கு வெளியேயும் இதே முறைதான், கதவுகள்தான் வேறு. ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர். மின் இணைப்புக்கும் கட்டணத் தகராறுக்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். கடவுச்சீட்டும் ஆதாரும் மத்திய அரசின் கையில். அவற்றுக்காக ஆட்சியர் அலுவலகத்தில் காத்திருக்க வேண்டாம்.

எல்லா அலுவலகமும் மௌனம் காத்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். குறிப்பிட்ட வாரங்களுக்குள் மனுவைப் பரிசீலித்து உத்தரவிடுமாறு நீதிமன்றம் அலுவலருக்கு ஆணையிடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒப்புகைச் சீட்டுகளையும் மறுப்பு உத்தரவையும் எடுத்துக்கொண்டு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.