மூன்றாம் நம்பர் சிலிண்டர் சொன்ன பாடம்

நம் சங்கத்தின் 2025 பொங்கல் விழாவுக்கு நான் என் பழைய பிரீமியர் பத்மினியில் வந்து இறங்கியபோது, நண்பர்கள் பலர் சூழ்ந்துகொண்டு, "சார், இது இன்னுமா ஓடுகிறது!" என்று வியந்தார்கள். அதன் என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடி பூட்டியவன் அடியேன்தான் என்றதும், பத்திரிகை ஆசிரியர் "அதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார். அன்று பெருமையாகச் சொன்ன கதையில் ஒரு பாதியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பாதியையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

1978-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெற்றேன். பெரும்பகுதி டீசல் ஷெட்டில். டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல் லோகோவை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. சிலிண்டரின் விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் பத்தரை அங்குலம். பத்மினியின் நான்கு சிலிண்டரும் சேர்ந்தே 1089 சி.சி.தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லோகோவின் ஒரே ஒரு சிலிண்டருக்குள் பத்துப் பத்மினி என்ஜின்கள் அடங்கிவிடும்!

அப்படிப்பட்ட என்ஜின்கள் நூற்றுக்கணக்கில் என் மேற்பார்வையில் பிரிக்கப்பட்டு, என் கையெழுத்தோடு வெளியே போயிருக்கின்றன. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் ஸ்பேனர் பிடித்ததோடு சரி. அதன்பின் என் கையில் இருந்தது பேனாதான். ஒரு முழு என்ஜினை நானே கழற்றி நானே பூட்டியது இதுதான் முதல் தடவை, அதுவும் 65 வயதில்.

வண்டி 1990 மாடல். 1997-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். குழந்தைகள் பள்ளிக்கூடம் போனது, என் தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது எல்லாம் இதில்தான். குர்லா தொழிற்சாலையில் பிறந்த இந்த வண்டிகள் மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக எத்தனை வருஷம் ஓடின! 2023 அக்டோபர் இறுதியோடு அந்த டாக்சிகளும் தெருவை விட்டுப் போய்விட்டன. என் வண்டியும் இழுவை குறைந்து, புகை கக்க ஆரம்பித்தது. புனேயில் இருக்கும் மகன், "அப்பா, ஸ்கிராப்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

2024 ஜூன் மாதம், டோம்பிவிலியில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வேலையைத் தொடங்கினேன். செயின் புல்லி பிளாக் வாடகைக்கு எடுத்து, முக்காலி நிறுத்தி, என்ஜினை வெளியே தூக்கினேன். "முப்பத்தெட்டு வருஷம் ரயிலோடு மல்லுக்கட்டினது போதாதா?" என்று கேட்ட என் மனைவிதான், வால்வுகளைக் கழற்றும்போது பழைய இட்லித் தட்டு இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டு வால்வு, எட்டுக் குழி. எந்த வால்வின் காட்டர், எந்த வால்வின் வாஷர் என்று கலந்துபோகாமல் இருக்க அதைவிட நல்ல சாதனம் எந்த ஷெட்டிலும் நான் பார்த்ததில்லை.

சிலிண்டர் சுவரில், மேல் ரிங் போய் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, விரல் நகம் தட்டும் அளவுக்கு ஒரு விளிம்பு இருந்தது. அதற்குக் கீழே சுவர் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிளாக்கையும் கிராங்க் ஷாஃப்டையும் கல்யாணில் ஒரு லேத் பட்டறைக்குக் கொடுத்து, போரிங், ஹோனிங், கிரைண்டிங் செய்து வாங்கினேன். அதற்கேற்ற அளவில் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் குர்லாவில் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தேன். ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளி அளந்தேன். 68 மில்லிமீட்டர் விட்டத்துக்கு, கால் மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. திருப்தி. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் டார்க் ரென்ச் வைத்து முறுக்கினேன்.

தீபாவளிக்கு முதல் வாரம் சாவியைத் திருப்பினேன். நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்றாவது மாடியிலிருந்து பக்கத்துவீட்டுக்காரர் கைதட்டினார். லோகோ புறப்படும்போதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

சந்தோஷம் 300 கிலோமீட்டர்தான். பின்னால் நீலப் புகை. எண்ணெய் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். 1, 2, 4 காய்ந்து பழுப்பாக இருந்தன. மூன்றாம் நம்பர் மட்டும் எண்ணெயில் குளித்திருந்தது.

மறுபடி ஹெட்டையும் சம்ப்பையும் இறக்கி, மூன்றாவது பிஸ்டனை உருவினேன். இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

இந்த ரிங்கின் வெளிமுகம் லேசான சரிவு உடையது. சரியாகப் போட்டால், பிஸ்டன் இறங்கும்போது சுவரில் உள்ள எண்ணெயை வழித்துக் கீழே தள்ளும். ஏறும்போது எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தலைகீழாகப் போட்டால் எண்ணெயை மேலே வாரி இறைக்கும். எது மேல்பக்கம் என்று காட்ட, ரிங்கிலேயே 'டாப்' என்று பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். மூன்றாவது பிஸ்டனைப் பூட்டியது இரவு ஒன்பது மணிக்கு மேல். பார்க்கிங்கில் ஒரே ஒரு பல்பு. அந்த எழுத்து என் கண்ணில் படவில்லை.

ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். 1993 ஞாபகம் வந்தது.

அப்போது நான் சார்ஜ்மேன். எங்கள் ஷெட்டிலிருந்து போன ஒரு லோகோ, சிம்னி வழியாக எண்ணெய் தெளித்துக்கொண்டு திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டரில் ரிங் தலைகீழ். நைட் ஷிஃப்டில் பூட்டியவர் ஒரு மராத்தி ஃபிட்டர். கேட்டபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சாஹேப், அன்றைக்கு அந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை." நான் அதை விசாரிக்கவில்லை. "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் அறிக்கை எழுதினேன். அதன்பேரில் எஸ்.எஃப்.-11 சார்ஜ் ஷீட் வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. விளக்கு எரியவில்லை என்பது எனக்கும் தெரியும், நண்பர்களே. அதை எழுதினால், ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி என்னிடம்தான் வந்திருக்கும்.

இரண்டு நாள் தூக்கமில்லை. பழைய சகாக்களிடம் விசாரித்து, அவர் பத்லாபூரில் இருப்பதாக அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கல் பிடித்துப் போனேன். எழுபது தாண்டிவிட்டார். "சாஹேப்!" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை என்னைக் குத்தியது. பையிலிருந்து ரிங்கை எடுத்து அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். "1993-ல் விளக்கைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. நான் வேண்டுமென்றே எழுதவில்லை. தப்பு என்னுடையது" என்றேன்.

அவர் வெகுநேரம் ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பணம் பெரிதில்லை, சாஹேப். எல்லாருக்கும் ஏறியிருக்கிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று வீட்டில் கேட்டாள். வேலையில் கவனமில்லாதவன் என்று என் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உள்ளேயிருந்து டீ வந்தது. டீ குடித்து முடித்ததும் அவரே கேட்டார்: "வண்டி திறந்துதானே கிடக்கிறது? நாளைக்கு வரட்டுமா?"

வந்தார். ரிங்கின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கம் வழுக்குகிறது, மறுபக்கம் பிடிக்கிறது. "எழுத்து தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அந்தத் தண்டனைக்கு அப்புறம் நானாகக் கண்டுபிடித்தது" என்று சிரித்தார். மூன்றாம் நம்பருக்குப் புது ரிங்குகளை அவர்தான் போட்டார். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வண்டி புகையில்லாமல் ஓடுகிறது. அவருடைய பழைய சர்வீஸ் புத்தகத்தில் நான் எழுதவைத்ததை அழிக்க இனி எந்த வழியும் இல்லை. நம்மில் பலர் அலுவலகத்திலும் பட்டறையிலும் நாலு பேரை மேய்க்கிறவர்கள். யாராவது தவறு செய்தால் 'கவனக்குறைவு' என்று எழுதுமுன், அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். எரியவில்லை என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், கேள்வி உங்கள் மேலேயே வந்தாலும் சரி.