வீமனும் விற்றமின் போத்தலும்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் ஒரு நாயின் சாப்பாட்டைப் பற்றி எழுதப் புகுந்தானே என்று நேயர்கள் முகஞ் சுளித்தல் வேண்டா. ஞமலி என்றும் சுணங்கன் என்றும் அதற்குப் பல பெயர் இட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். தருமன் மேற்கொண்ட இறுதிப் பயணத்தில் தம்பியரும் பாஞ்சாலியும் வழியிலே வீழ்ந்துபட, கடைசிவரை உடன் நடந்தது ஒரு நாயே என்று பாரதம் கூறுகின்றது. அந்த நாய்க்குத் தருமன் வழியில் என்ன உணவு கொடுத்தான் என்பதை மட்டும் வியாசர் கூறாது விட்டார். எனக்கு வேண்டியிருந்ததோ அதுதான்.

எங்கள் வீட்டு நாய்க்கு வீமன் என்று பெயர். வயது பன்னிரண்டு. அவனை ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உவப்பினாலே திணை மயங்குவதை வழுவமைதி என்று இலக்கண நூலாரே ஏற்றுக்கொண்டிருப்பதனால் நேயர்களும் பொறுத்தருள்வார்கள். சென்ற மார்கழி மழையோடு அவனிடம் சில மாற்றங்கள் தோன்றலாயின. நள்ளிரவில் எழுந்து சுவரைப் பார்த்தபடி நிற்பான். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பொருத்திய பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, அது திறக்கும் என்று காத்திருப்பான். ஒருநாள் படலையடியில் என்னைக் கண்டு, அந்நியனைக் கண்டாற்போலக் குரைத்தான். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று எத்தனையோ முகங்களை மறந்தவன் நான். ஆயினும் ஒரு நாய் என்னை மறந்தபோது நெஞ்சு திடுக்கிட்டது உண்மை.

இச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட மகன், ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினான். அதன்மேல் ‘அன்ரிஒக்சிடன்ற்’ என்று பெரிய எழுத்திற் பொறித்திருந்தது. “அப்பா, நானும் இதைத்தான் எடுக்கிறன். வீமனுக்கும் ஒன்று குடுத்துப் பாருங்கோ” என்றான். தமிழ் படிப்பித்தவனுக்கு ஒரு சொல்லின் பொருள் விளங்காமல் அதனை விழுங்கவோ விழுங்குவிக்கவோ மனம் வருமா? போத்தலை அலுமாரியில் வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

கத்தரிக்காயை வெட்டிச் சற்றே வைத்தால் வெட்டுவாய் கறுத்துப் போகின்றது. பழைய எண்ணெய் காறிப் போகின்றது. இரும்பு துருவேறுகின்றது. இவை மூன்றும் ஒட்சியேற்றத்தின் வேலை. உயிருள்ள உடலும் ஒட்சிசனைக் கொண்டே உணவை எரித்து வலுப் பெறுகின்றது. அவ்வாறு எரிக்கும்போது, சோடியிழந்த இலத்திரனை உடைய சில மூலக்கூறுகள் உண்டாகின்றன. சுயாதீன மூலிகங்கள் என்று இவற்றைச் சொல்வர். சோடி தேடி அலையும் இவை, கலத்தின் மென்சவ்விலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் பாரம்பரியப் பொருளையும் தாக்கி அவற்றிலிருந்து இலத்திரனைப் பறிக்கின்றன. முதுமை என்பதே இத்தாக்குதல்களின் கூட்டுத்தொகை என்ற கருத்தை 1956-இல் டெனம் ஆர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். மூளையோ கொழுப்பு மிகுந்தது. ஒட்சிசனைப் பெரிதும் உண்பது. ஆகவே காறிப் போதற்கு அது முற்பட்டு நிற்கின்றது. தம் இலத்திரனைத் தாமே ஈந்து இந்த அலைச்சலை அடக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் ஈ, விற்றமின் சீ, கரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் தரும் கரோட்டீன் ஆகியவை இக்கூட்டத்தின.

கடையில் விற்கும் நாய்த்தீனிப் பையிலும் இச்சொல்லைக் கண்டு முன்பு மகிழ்ந்ததுண்டு. அது அங்கே வேறு பொருளில் நிற்கின்றது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தீனியிலுள்ள கொழுப்பு காறாமல் மாதக் கணக்கில் இருக்கும்பொருட்டுச் சேர்ப்பது அது. காப்பது தீனியை, நாயையன்று. எதொக்சிகுவின் என்னும் செயற்கைப் பொருளை அவ்வாறு நெடுங்காலம் சேர்த்து வந்தனர். அதன் அளவை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்குமாறு 1997-இல் அமெரிக்க அரசு தீனி செய்வோரைக் கேட்டுக்கொண்டது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியையே இடைநிறுத்திற்று. இன்று பல நிறுவனங்கள் விற்றமின் ஈ இனத்துத் தொக்கோபெரோல்களையும் ரோஸ்மேரி இலைச் சாற்றையும் கையாளுகின்றன. ஒரே சொல் இரண்டு வேலைக்கு நிற்பது தமிழாசிரியனுக்குப் புதிதன்று. எனினும் விலை கொடுக்கும் இடத்தில் சிலேடை ஆகாது.

இனி, மூளைக்கு இது உதவுமா என்ற வினா. கலிபோர்னியாவிலும் ரொறன்ரோவிலும் இருந்த ஆய்வாளர் சிலர், பீகிள் என்னும் வேட்டை நாயினத்தில் வயது முதிர்ந்தவற்றை எடுத்து இரண்டாண்டுகள் ஆராய்ந்தனர். முடிவுகள் 2005-ஐ ஒட்டி வெளிவந்தன. நாய்களை நான்கு கூட்டமாக வகுத்தனர். ஒரு கூட்டத்துக்கு விற்றமின்களும் பசளி, தக்காளி, கரட், தோடையினப் பழச் சக்கை முதலியனவும் கலந்த உணவு, இன்னொன்றுக்குச் சாதாரண உணவோடு உலாத்தலும் விளையாட்டுப் பொருளும் கூட வாழ ஒரு தோழனும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு ஒன்றுமில்லை. கறுப்புப் பொருளையும் வெள்ளைப் பொருளையும் வேறுபிரித்து அறியப் பழக்கி, பின் அவ்வழக்கத்தை நேர்மாறாக மாற்றிச் சோதித்தனர். உணவு மட்டும் பெற்றவையும் தேறின. உலாத்தலும் தோழமையும் பெற்றவையும் தேறின. இரண்டும் பெற்றவையே எல்லாவற்றிலும் நன்கு தேறின. போத்தலில் அடைத்து அனுப்ப முடியாத பாதி ஒன்று இருக்கின்றது என்பதை இங்கே நான் கண்டுகொண்டேன். அவ்வுணவில் முந்திரிகைச் சக்கையும் சிறிதளவு இருந்தது என்பதை மறைக்கலாகாது. முந்திரிகையால் நாய்களுக்கு நேரும் தீமை மருத்துவ இதழ்களில் பேசப்படலானது 2001-இலேதான். அவ்வுணவு அதற்கு முன்னரே வகுக்கப்பட்டது.

இந்த முந்திரிகையில்தான் நான் தவறவிருந்தேன். எங்கள் கொல்லையில் ஒரு பந்தல் உண்டு. கறுத்துக் குலைகுலையாகத் தொங்கும் அப்பழத்தின் தோலிலே ஒட்சியேற்ற எதிரிகள் நிறைய உண்டு என்று படித்த அன்றே ஒரு குலையைப் பறித்து வைத்தேன். ஆனால் அன்று மாலை வீமன் சோர்ந்து படுத்திருந்தான், முரசு வெளிறியிருந்தது. பழத்தை மேசையில் விட்டுவிட்டு அவனை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றேன். அவர் என்னிடம் படித்தவரல்லர்; ஆயினும் ஊர் வழக்கப்படி மாஸ்ரர் என்றே அழைப்பார்.

“மாஸ்ரர், இவருக்குச் சாப்பாடு என்ன?”

“நாங்கள் சாப்பிடுகிறதுதான், டொக்டர். குழம்பு விட்டுக் குழைச்ச சோறு.”

“வெங்காயம், உள்ளி, பழப்புளி?”

“அவை இல்லாமல் குழம்பு ஏது?”

அவர் ஒன்றும் பேசாமல் சிறிது குருதி எடுத்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, “கண்ணை வைச்சுப் பாருங்கோ” என்றார். செங்குழியங்கள் பலவற்றின் ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு இருந்தது. ஐன்ஸ் துணிக்கை என்று அதற்குப் பெயராம். வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் உடலிற் சென்று ஈமோகுளோபினை ஒட்சியேற்ற, அது கட்டியாகி ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றது, அத்தகைய செங்குழியம் விரைவில் அழிகின்றது, குருதி குறைகின்றது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும் என்றார். வீமனின் எடை 18 கிலோ. அவனுக்கு முக்காற் கட்டு வேண்டாம், 270 கிராமே தீமை தொடங்கும் அளவு. ஒரே வேளையில் அவ்வளவு உண்ணாவிடினும், நாள்தோறும் சிறிது சிறிதாக உண்டாலும் கேடு வரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அது போவதில்லை.

மனிதருக்கு ஒட்சியேற்ற எதிரி என்று போற்றப்படும் வெங்காயமே நாயின் குருதியில் ஒட்சியேற்றியாக மாறி நிற்கும் விந்தையை எண்ணி நான் சற்று நேரம் பேச்சற்றிருந்தேன். மூளையைக் காக்க மருந்து தேடிக்கொண்டிருந்தவன், அதே கையால் பல ஆண்டுகளாகக் குருதியைக் கெடுத்து வந்திருக்கிறேன். அவன் வாலை ஆட்டி ஆட்டி உண்டான் என்பது என் குற்றத்தைக் குறைக்கவில்லை.

மேசையில் விட்டு வந்த முந்திரிகையைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்; எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. பழத்திலுள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021 முதல் கருதப்படுகின்றது. அவ்வமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் பழப்புளி. அதை உண்ட நாய்களுக்கும் சிறுநீரகக் கேடு நேர்ந்தமை 2022-இல் ஒரு மருத்துவக் கட்டுரையில் பதிவாகியுள்ளது. நம் குழம்புச்சட்டியைப் பற்றி எங்கோ அமெரிக்காவில் எழுதிவைத்திருக்கிறார்கள்! தேயிலை, கொக்கோ இரண்டும் மனிதர்க்கு நன்றென்பர். நாய்க்கு அவை இதயத்தையும் நரம்பையும் உலைப்பவை. சொக்கிலேற் கொடுக்கும் பேரப்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்க.

போத்தலையும் காட்டினேன். விற்றமின் சீ நாய்க்கு அவசியமன்று என்றார். நமக்கும் கினிப் பன்றிக்கும் அதை ஆக்கும் திறன் இல்லை. நாயின் ஈரலோ தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. விற்றமின் ஈ பயனுள்ளதே. மீனெண்ணெய் மிகுதியாக உண்ணும் நாய்க்கு அதன் தேவையும் மிகும். ஆனால் அளவு கடந்தால் குருதி உறைதலைத் தடுக்கும். போத்தலில் இருந்த லிப்போயிக் அமிலம் மனிதருக்குரிய அளவினது; நாய்க்கு அது மிகையானால் குருதியிற் சீனியை வீழ்த்தி ஈரலைக் கெடுக்கும். நமக்கே இவை எப்போதும் நன்மை செய்வதில்லை. பின்லாந்தில் 29,000-க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரைகள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கரோட்டீன் உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடிற்று என்று 1994-இல் அறிவிக்கப்பட்டது. இதை மகனுக்கும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

மாத்திரைக்கும் மரக்கறிக்கும் உள்ள வேறுபாட்டை நாய்களிடமே கண்டிருக்கின்றனர். ஸ்கொட்டிஷ் ரெரியர் என்னும் இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறையேனும் இலைக்கறியோ மஞ்சள் நிற மரக்கறியோ உண்ட நாய்களிடம் அந்நோய் மிகக் குறைவாகக் காணப்பட்டது. விற்றமின் மாத்திரைகளால் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அவற்றுள் அதிகமாகக் கொடுக்கப்பட்டது கரட்.

ஆகவே இப்போது எங்கள் அடுப்பில் ஒரு சிறு சட்டி தனியே ஏறுகின்றது. உப்பில்லை, புளியில்லை, வெங்காயமில்லை. அவித்து முள் நீக்கிய மீனோ கோழியோ சோற்றோடு. அதனுடன் அவித்து மசித்த பூசணி அல்லது கரட், சில நாள் வற்றாளைக் கிழங்கு. கரட்டைப் பச்சையாக முழுசு முழுசாகப் போட்டால் அப்படியே வெளியே வந்துவிடுகின்றது. அவித்து மசித்தலே நன்று. இத்தகைய சேர்க்கைகள் நாளுணவின் பத்திலொரு பங்குக்கு மேற்படாமல் இருக்கட்டும் என்பது வைத்தியர் கட்டளை. நாளடைவில் இச்சோற்றோடு நாய்க்கென ஆக்கிய முறையான தீனியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புச் சத்து முதலியவற்றை வீட்டுச் சோறு மட்டும் தராதாம். என் மனைவிக்கு இதெல்லாம் பத்தியச் சாப்பாடு போலத் தோன்றுகின்றது. “பாவம், ஒரு துளி சொதியாவது விடுங்கோவன்” என்று ஒவ்வொரு நாளும் எனக்காக அன்று, அவனுக்காக வாதாடுகின்றாள்.

அளவையும் குறைத்துள்ளேன். 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வில் லப்ரடோர் நாய்கள் 48-ஐச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதிலும் கால்வாசி குறைத்தே ஆயுள் முழுதும் உணவளித்தனர். நிறைய உண்டவற்றில் பாதி 11.2 வயதளவில் இறந்துபோயின. குறைய உண்டவற்றுக்கு அவ்வெல்லை 13 வயதாயிற்று. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! எந்தப் போத்தலும் இவ்வளவு தரும் என்று சொல்லிக்கொள்ளக் கண்டிலேன். பன்னிரண்டு வயதிற் குறைத்து என்ன பயன் என்று கேட்டேன். “மாஸ்ரர், அவற்றை முழங்காலைக் கேளுங்கோ” என்றார் வைத்தியர்.

ஆறு வாரங்கள் கழித்து மறுபடி குருதி பார்த்தார். நீலப் பொட்டுகள் இல்லை. முரசு சிவந்திருந்தது. மறதியோ அவ்வளவு இலகுவில் விலகுவதன்று. சில இரவுகளில் இன்னும் சுவரைப் பார்த்து நிற்கின்றான். அப்போது விளக்கேற்றி, பெயர் சொல்லி அழைத்து, பாயருகே கொண்டுவந்து விடுகின்றேன். பீகிள் நாய்களுக்குச் செய்ததுபோல மாலையில் இருவரும் உலாத்தப் போகின்றோம். ஒரே வழியில் அன்று, ஒருநாள் கோயிலடி, ஒருநாள் பனங்கூடல், ஒருநாள் குளக்கட்டு. புதிய மணங்களை அவன் நின்று நின்று முகர்கின்றான். நானும் காத்து நிற்கின்றேன். நேற்றுத் திரும்பி வரும்போது படலையடியில் என்னை முந்திச் சென்று, கீல் பக்கத்தில் ஒரு கணம் நின்றான். பிறகு மெல்ல நகர்ந்து, திறக்கும் பக்கத்தில் வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.