குறுகி வளரும் கடலட்டை

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் ஆழங்குறைந்த கடலில் வலையடைப்புகள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே வளர்வது வெள்ளை அட்டை. நாம் வாயில் வைக்காத இந்தக் கடலட்டை, அவித்துக் காயவைத்ததும் சீனச் சந்தைக்குப் போய்விடும். இந்தப் பண்ணைகளால் கரையோரச் சிறுதொழிலாளருக்கு வரும் இடைஞ்சல் சின்ன விசயமல்ல. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

பண்ணையில் விடும் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதன் முதல் இரண்டு கிழமை வாழ்க்கையைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். 1988இல் தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் டி. பி. ஜேம்ஸும் உடனிருந்தோரும் இந்த இனத்தின் குஞ்சுகளை முதன்முதலாகத் தொட்டியில் உண்டாக்கினார்கள். அதே இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிக்கத் தடை. இங்கேயோ பண்ணை வைக்கிறோம்.

தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையை 3 முதல் 5 பாகை வரை கூட்டினால் ஆண் அட்டைகள் முன்னுடலைத் தூக்கி ஆட்டியபடி விந்தை விடும். பெண் அட்டைகள் பின்னால்தான் முட்டையிடும். ஒரு முட்டை ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர். இரண்டாம் நாள் அது ஒளி ஊடுபுகும் குடம்பியாகி நீந்துகிறது. ஓரமெல்லாம் வளைந்து வளைந்து ஓடும் பிசிர்ப் பட்டிதான் அதற்குத் துடுப்பும் வாய்க்கு இரை சேர்க்கும் கருவியும். தின்ற அல்காவின் கபில நிறம் இரைப்பையில் அப்படியே தெரியும். வயிறு வெளிறிக் கிடந்தால் தீனி போதவில்லை என்று பொருள்.

பத்து நாளளவில் குடம்பி ஒரு மில்லிமீற்றரை எட்டுகிறது. உடலின் ஓரங்களில் பளிச்சென்று சில உருண்டைகள் தோன்றும். அடுத்த கட்டத்துக்கு ஆயத்தம் என்பதற்கு அதுவே அடையாளம். இனிப் பெருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. பாதியளவாகச் சுருங்கிப் பீப்பா வடிவம் எடுக்கிறது. உடலைச் சுற்றி ஐந்து பிசிர் வளையங்கள். தின்பதையும் நிறுத்திவிட்டுச் சுழன்று சுழன்று ஓடுவதால், பார்வைக்குள் நிறுத்திவைப்பதற்குள் கை சலித்துவிடும். அந்த நாட்களில் உள்ளுக்குள் உடலே புதிதாகக் கட்டப்படுகிறது. இடம் வலம் என்றிருந்த அமைப்பு, நட்சத்திர மீனின் உறவுக்காரருக்குரிய ஐந்துபக்க அமைப்பாக மாறுகிறது. பிறகு வாயைச் சுற்றி ஐந்து பரிசக்கொம்புகள் முளைக்க, நீந்துவதை விட்டுத் தரை தேடுகிறது. அதற்காகவே நுண்பாசி படியவைத்த தட்டுகளைத் தொட்டியில் இறக்குவார்கள். தட்டு வெறுமையாக இருந்தால் அநேகமானவை ஒட்டாமலே செத்துப்போகும்.

இவற்றைப் பார்க்கப் பாடசாலை நுணுக்குக்காட்டியே போதும். 40 மடங்கு தாராளம். குடம்பி கிடைக்காத பிள்ளைகள் வளர்ந்த அட்டையின் தோலில் ஒரு சிறு துண்டைப் பிளீச்சில் ஊறவைக்கலாம், கையுறையோடுதான். தசை கரைந்ததும் மிஞ்சுவதைத் தண்ணீரில் கழுவிக் கண்ணாடித் தட்டில் வைத்தால், மேசை வடிவிலும் பொத்தான் வடிவிலும் சுண்ணாம்புத் துணுக்குகள் தெரியும். இவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. காய்ந்து கறுத்த அட்டை எந்த இனம் என்று தீர்மானிப்பதும் இவற்றை வைத்துத்தான்.