ரத்து செய்தாலும் ரத்தாகாத சர்டிபிகேட்

மார்ச் 15, 2026 முதல் எஸ்எஸ்எல் சர்டிபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் 398 நாளிலிருந்து 200 நாளாகக் குறைகிறது. ‘கையில் இருப்பது அன்றோடு செத்துவிடுமா?’ என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சாகாது. அதில் போட்டிருக்கும் தேதிவரை ஓடும். அன்றிலிருந்து புதிதாக வழங்கப்படுபவற்றுக்குத்தான் கட்டுப்பாடு. 2027 மார்ச் 15-ல் அது 100 நாளாகும். 2029 மார்ச் 15-ல் 47.

முடிவெடுத்தது சிஏ/பிரவுசர் ஃபோரம். சர்டிபிகேட் வழங்கும் நிறுவனங்களும் (சிஏ) பிரவுசர் தயாரிப்பவர்களும் சேர்ந்த மன்றம் அது. 2025-ல் ஆப்பிள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிராக ஒரு வாக்குகூட விழவில்லை. ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று விற்பனையாளர்களின் மெயில்கள் சொல்கின்றன. பொய்யில்லை, பாதிதான். மீதிப் பாதி, ரத்து என்ற ஏற்பாடு இத்தனை ஆண்டுகளாக ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது.

சர்வரின் பிரைவேட் கீ திருடுபோனால் சிஏவிடம் சொல்லி சர்டிபிகேட்டை ரத்து செய்யலாம். ஆனால் சர்டிபிகேட் என்பது கையெழுத்திட்ட ஒரு ஃபைல். திருடனிடம் உள்ள நகலில் கையெழுத்தும் தேதியும் அப்படியே இருக்கும். ஆகவே ‘இது இன்னும் செல்லுமா?’ என்று பிரவுசர்தான் சிஏவின் சர்வரிடம் விசாரிக்க வேண்டும். ஓசிஎஸ்பி என்ற அந்த விசாரணையில்தான் கூத்து. பதில் வராவிட்டால்? பக்கத்தைத் திறக்க மறுத்தால், சிஏவின் சர்வர் படுக்கும்போதெல்லாம் அதை நம்பிய தளங்கள் அத்தனையும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் பதில் வராததைச் சம்மதமாகவே பிரவுசர்கள் எடுத்துக்கொண்டன. திருட்டுக் கீயால் பலன் வேண்டுமென்றால் திருடன் உங்கள் இணைப்பின் நடுவில் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்துவிட்டவனுக்கு ஓசிஎஸ்பி பாக்கெட்டை மட்டும் தடுப்பது பெரிய வேலையா? திருடன் வராத நாட்களில் மட்டும் விழித்திருக்கும் காவலாளி!

குரோம் 2012-லேயே இந்த விசாரணையைப் பெரும்பாலும் கைவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சிஏ 2025 ஆகஸ்டில் தன் ஓசிஎஸ்பி சர்வர்களை மூடியேவிட்டது. யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது சிஏவுக்குத் தெரிந்துபோவதும் அதற்கு ஒரு காரணம். ஃபயர்ஃபாக்ஸ், ரத்துப் பட்டியலைச் சுருக்கி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. உருப்படியான வழிதான், ஆனால் பிரவுசருக்கு வெளியே ஓடும் நிரல்களில் பல, ரத்தானதா என்று பார்ப்பதே இல்லை. எனவேதான் ரத்து செய்வதை நம்பாமல், தானாகவே சீக்கிரம் காலாவதியாகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 47 வந்த கணக்கு: நீண்ட மாதம் ஒன்றுக்கு 31, அரை மாதத்துக்கு 15, கைமிச்சம் 1.

மற்ற கேள்விகள்:

2026 மார்ச் 14-க்குள் வாங்கியிருந்தால்? 398 நாள்வரை கிடைக்கலாம், தள்ளிப்போட்டதாக மட்டுமே ஆகும்.

அலுவலகத்துக்குள் ஓடும் சொந்த சிஏ? இந்த விதி அதற்கில்லை.

டொமைன் உங்களுடையது என்ற சரிபார்ப்பு? 2029-லிருந்து 10 நாள்தான் செல்லும், டிஎன்எஸ் பதிவைக் கையால் மாற்றுகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

சர்டிபிகேட்டைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டைக் கிரானில் போட்டால் போதுமா? புது ஃபைல் வந்ததும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யச் சொல்லியிருந்தால் போதும். இல்லையென்றால் டிஸ்கில் புதியது இருக்க, சர்வர் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும்.