முதலில் படம், பிறகு பாட்டு

கறுப்பர்களுக்கு பங்க் இசையில் என்ன வேலை? ஒரு படமும் அதைத் தொடர்ந்த கச்சேரிகளும் சொன்ன பதில்

தமிழில் பங்க் என்றால் பெட்ரோல் நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குப் பின்கழுத்தில் புரளும் தலைமுடி. எழுபதுகளின் மத்தியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் தலையெடுத்த பங்க் இசை வேறு ரகம். கிதாரில் மூன்று கார்டு தெரிந்தால் மேடையேறலாம். பல பாட்டுகள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பெனி வேண்டாம், மேனேஜர் வேண்டாம், எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் வேதம்.

அந்த வேதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்காவில் பங்க் கச்சேரி நடக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். கூட்டத்தில் ஒன்றிரண்டு கறுப்பு முகம் தெரிந்தால் அதிகம். வெளியே சொந்தக்காரர்கள், 'இது நம்ம பாட்டா?' என்பார்கள். உள்ளே இருப்பவர்கள், நிறத்தைப் பற்றிப் பேசுவானேன் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒட்டாத தனிமை.

அதை அனுபவித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்பூனர். தந்தை கறுப்பர், தாய் வெள்ளையர். கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான ஆப்பிள் வேலியில் பங்க் இசைக்கு அறிமுகமானவர். சினிமா படித்தவர் அல்ல. தன்னைப் போன்றவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேமராவோடு தேடிப் போனார். இருந்தார்கள். டஜன் கணக்கில் பேட்டிகள். 2003இல் வெளியான 66 நிமிட ஆவணப்படத்தின் பெயர் 'ஆஃப்ரோ-பங்க்'.

படம் சொன்னது புதுக் கதையும் அல்ல. வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் குழுவினர் நால்வரும் கறுப்பர்கள். பங்க் இசையின் வேகத்தையே மாற்றியவர்கள். டெட்ராய்ட்டில் மூன்று கறுப்புச் சகோதரர்கள் 'டெத்' என்ற பெயரில் 1975இலேயே பதிவு செய்த பாடல்கள் ஆல்பமாக வெளிவந்தது 2009இல். முப்பத்து நான்கு ஆண்டு தாமதம்!

படம் டொரான்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஆனால் அதற்கு உயிர் வந்தது சின்ன அரங்குகளில்தான். ஸ்பூனர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பிறகு மேத்யூ மார்கனோடு சேர்ந்து, திரையிடலோடு நேரடிக் கச்சேரியையும் இணைத்து இரவுகள் நடத்தினார்.

இந்த வகை இரவுக்கு ஒரு கணக்கு உண்டு. படம் முதலில் வரவேண்டும். டிரம்ஸ் சத்தத்தில் காது அடைத்த பிறகு யாரும் பேட்டி கேட்கமாட்டார்கள். படம் முடிந்ததும் விளக்கு எரியும், விவாதம் நடக்கும். பிறகு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தால் அதே தரை ஆடும் களம். சற்று முன் திரையைப் பார்த்து 'நம்மைப் போல் ஒருத்தி' என்று நினைத்த பெண், இப்போது பக்கத்தில் இன்னும் பத்துப் பேரைப் பார்க்கிறாள்.

அரங்குதான் தலைவலி. அமெரிக்காவில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக்கூடாது. இசை விடுதிகளுக்கோ மதுதான் வருமானம். அதனால் விடலைகளுக்குப் பல விடுதிகளின் கதவு திறப்பதில்லை. பங்க் இசை தேவைப்படுவதே அந்த வயதில்தான். இதற்கு பெர்க்லியின் 924 கில்மன் தெரு அரங்கு ஒரு வழி காட்டியது. 1986 டிசம்பர் 31இல் தொடங்கிய அது மதுவை விலக்கியது. எல்லா வயதினரையும் அனுமதித்தது. டிக்கெட் கிழிப்பது முதல் தரை கூட்டுவது வரை தொண்டர்கள் வேலை. இனவெறிக்கும் வன்முறைக்கும் இடமில்லை என்று விதி வைத்தது. பெரிய கம்பெனிக் குழுக்களுக்கும் தடை. அங்கே வளர்ந்த கிரீன் டே குழு பெரிய கம்பெனியில் கையெழுத்திட்டதும் கதவு சாத்தப்பட்டது. 2015இல் ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்குத்தான் மறுபடியும் உள்ளே வந்தது.

ஸ்பூனரின் இரவுகள் வேறு திசையில் போயின. 2005இல் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படங்களும் கச்சேரிகளுமாக ஆஃப்ரோபங்க் விழா நடந்தது. கூட்டம் பெருகியது, விளம்பரதாரர்கள் வந்தார்கள், பங்க் குறைந்தது. 2008இல் ஸ்பூனர் விலகிக்கொண்டார். இலவசமாக இருந்த புரூக்ளின் விழாவுக்கு 2015இல் டிக்கெட் வந்தது. பாரிஸ், லண்டன், ஜோகன்னஸ்பர்க் என்று விழா கடல் தாண்டியது.

தோல்வி என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு சின்ன அரங்கில் நூறு பேர் கண்ட ஆறுதலைப் பல்லாயிரம் பேர் கண்டார்கள். படத்தில் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பாடகி தமர்-காலி 2017இல் 'மட்பவுண்ட்' படத்துக்கு இசையமைத்தார். மாரிஸ் மிட்செல் 2018இல் வொர்க்கிங் ஃபேமிலீஸ் கட்சியின் தேசிய இயக்குநரானார். ஆனால் கேள்வி மிச்சமிருக்கிறது. நாமே செய்துகொள்வது என்று தொடங்கியதை, நமக்காக இன்னொருவர் செய்து விற்கும்போது அது அதேதானா?

ஸ்பூனர் தன் பதிலைக் காகிதத்தில் தேடினார். 2022இல் ஆப்பிள் வேலி நாட்களைச் சித்திர நூலாக்கினார். அடுத்த ஆண்டு கறுப்பின பங்க் எழுத்துகளின் தொகுப்பு ஒன்றுக்குக் கிறிஸ் டெரியோடு சேர்ந்து ஆசிரியரானார்.

பெரிய விழாவுக்கு டிக்கெட் வாங்கினால் போதும். சின்ன அரங்குக்கு, நாற்காலி மடக்கவும் ஆள் வேண்டும்.