பொற்புருவ மீனும் அதன் உறைவிடமும்

மீன் எங்கே வாழும் என்று வகுப்பில் வினவுவோமாயின், கடலில் என்று ஒரே சொல்லில் விடை வரும். அவ்விடை பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. ஒரே மீன் தன் வாழ்நாளிற் பல உறைவிடங்களை வேண்டி நிற்றலும் உண்டு. மத்தியதரைக் கடலில் வாழும் பொற்புருவ மீன் இதற்குத் தக்க சான்றாகும்.

இம்மீனின் இரு கண்களுக்கும் இடையே பொன்னிறப் பட்டையொன்று பிறைபோல் விளங்கும். அதுபற்றியே பண்டைக் கிரேக்கர் 'பொற்புருவம்' எனப் பொருள்படும் பெயரால் இதனை வழங்கினர். 1758 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு இதற்குச் 'சுபாரசு அவுராத்தா' என இலத்தீனிற் பெயரிட்டார். 'அவுராத்தா' என்பது பொன் பூசப்பெற்றது எனப் பொருள்படும். இது பெரும்பாலும் 35 சென்ரிமீற்றர் நீளமுடையது. 70 சென்ரிமீற்றர்வரை வளர்தலும் உண்டு. முன்வாயிற் கூரிய பற்களும் கடைவாயில் வலிய அரைக்கும் பற்களும் இருத்தலால், மட்டி, சிப்பி, நண்டு முதலியவற்றை ஓட்டுடன் நொறுக்கி உண்ணும். முதலில் ஆணாய் முதிர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் பெண்ணாய் மாறுவது இதன் மற்றோர் இயல்பு. ஆதலின், பெரிய மீன்களையே தேடிப் பிடிப்பின் முட்டையிடும் தாய்மீன்களே அருகிவிடும்.

இனி, உறைவிடத்தை நோக்குவாம். கடற்புல் அடர்ந்த தரையும் மணற்றரையுமே இம்மீனுக்கு உவந்தவை. ஐப்பசி முதல் மார்கழி வரையான காலத்தில் இது கடலில் முட்டையிடும். குஞ்சுகள் இளவேனிற் றொடக்கத்திற் கடனீரேரிகளையும் கழிமுகங்களையும் நாடி உட்புகும். ஆங்கு நீர் வெதுவெதுப்பானது, இரையும் மிகுதி. உவர்ப்பு ஏறினும் குறையினும் இம்மீன் தாங்கும். கடுங்குளிரை மட்டும் தாங்காது. ஆதலின் குளிர்காலம் நெருங்க, ஆழம் குறைந்த ஏரியை விட்டு மீண்டும் கடலை அடையும். வட இத்தாலியக் கரையோர மக்கள் இப்போக்குவரவை நன்கறிந்து, கடலுக்கு மீளும் மீன்களை வாய்க்கால் முகத்தில் தடுத்துப் பிடிக்கும் முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். ஏரியும் கடலும் அவற்றை இணைக்கும் வாயும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இம்மீனின் வீடு.

இவ்வீட்டுக்கு நேரக்கூடிய கேட்டை இசுப்பானியா காட்டியது. அந்நாட்டின் தென்கீழ்க் கரையில் 'மார் மெனோர்' என்னும் கடனீரேரி உளது. அதன் பரப்பு ஏறத்தாழ 135 சதுர கிலோமீற்றர். பொற்புருவ மீனுக்குப் பெயர்போன அவ்வேரியில், அயல் வயல்களின் உரச்சத்து ஆண்டாண்டாக வந்து சேர்ந்தது. அதனாற் பாசி பெருகி, 2016 ஆம் ஆண்டில் நீர் பச்சையாயிற்று. ஒளி புகாமையால் அடித்தரைப் பூண்டுகளிற் பெரும்பகுதி மடிந்தது. 2019 ஆம் ஆண்டு புரட்டாதியிற் பெருவெள்ளம் புகுந்தது. ஐப்பசியில் உயிர்வளி இன்றி ஆயிரக்கணக்கான மீன்களும் இறால்களும் கரையில் ஒதுங்கி மாண்டன. அது கண்டு வருந்திய மக்கள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். 2022 ஆம் ஆண்டில் அவ்வேரிக்கே சட்டம் ஓர் ஆளுக்குரிய உரிமைகளை வழங்கிற்று.

இன்று கிரேக்கத்திலும் துருக்கியிலும் இம்மீனைக் கடற்கூடுகளிற் பெருந்தொகையாக வளர்க்கின்றனர். ஆதலிற் சந்தையில் இதற்குக் குறைவில்லை. ஆயினும், கூடு மீனைத் தருமேயன்றிக் கடற்புல்லையும் தெளிந்த நீரையும் தராது. நம் நாட்டிலும் கடனீரேரிகள் உள. அவற்றின் கரையில் நிற்கும் மாணாக்கர், வலையில் வீழ்ந்த மீனை மட்டுமன்றி, நீரின் நிறத்தையும் கடலோடு இணையும் வாயையும் நோக்கக் கற்பாராக.